படிக்கவொண்ணாக் கடன்முறி

(திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவு)



‘கடன்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று கடமை; மற்றொன்று திருப்பித் தரவேண்டிய பொருள். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய இனம், வாங்கியதைத் திருப்பித் தருதலையும் கடமையாகவே கருதிற்று என்க. ஆகலின், வாங்கிய கடனை ஏய்ப்பதற்கு வழி கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. கொடுத்தவனுக்கும் கடமைகள் உண்டு. அவற்றை அவன் மறைக்கிறான். வாங்கியவன் கேட்க அஞ்சுகிறான். பேச்சு அதைப் பற்றியதே.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை, ஏரியும் கழனியுமாய்க் கிடந்த நிலத்தில் இன்று ஊர்தித் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. ஒப்பந்தத்தின் பெயராலும் பயிற்சியின் பெயராலும் அங்கு உழைக்கும் இளைஞர் பலர். விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து, ஓரறையில் ஐவர் அறுவராய்த் தங்குகின்றனர். வண்டிக்கு ஒரு தவணை, அலைபேசிக்கு ஒரு தவணை, தங்கை திருமணத்திற்கு வாங்கியதற்கு ஒரு தவணை என ஊதியம் கைக்கு வருமுன்னரே பங்கு போய்விடுகிறது. 2014 நவம்பர் முதல் நாள் திருப்பெரும்புதூர் நோக்கியாத் தொழிற்சாலை மூடப்பட்டதை இவ்வட்டாரம் மறந்திராது. ஆலைக்கதவு மூடிய நாளிலும் தவணைநாள் வரத்தான் செய்யும்.

தவணை தவறியதும் அழைப்பு தொடங்குகிறது. இரவு வேலை முடித்துக் கண்ணயர்ந்தவனை எழுப்பி வசைபொழிகிறான் ஒருவன். பின்னர் மேற்பார்வையாளருக்கு அழைப்பு; ஊரிலிருக்கும் தாய்க்கு அழைப்பு. ‘வாரண்டு’ என்னும் சொல் தடித்த எழுத்தில் பொறித்த ஆங்கிலத் தாளொன்று அலைபேசிக்கு வந்து சேர்கிறது. அதைப் படிக்கத் தெரியாமையே அதன் வலிமை!

ரிசர்வ் வங்கி எனப்படும் இந்திய இருப்பு வங்கி 2022 ஆகத்து 12ஆம் நாள் விடுத்த ஆணை என்ன சொல்கிறது? காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனைக் கேட்டு அழைத்தல் கூடாது. சொல்லாலோ செயலாலோ அச்சுறுத்தல் கூடாது. பலர் முன் இழிவுபடுத்தலும், குடும்பத்தார், நண்பர் ஆகியோரின் தனிமையில் புகுதலும் கூடா. சிற்றூர்ப் பெண்டிர் குழுவாய் வாங்கும் நுண்கடனுக்கு எல்லை இன்னும் இறுக்கமானது. காலை 9 முதல் மாலை 6 வரைதான். குறித்த இடத்திற்குக் கடனாளி இருமுறை தொடர்ந்து வாராதபோதே தண்டலாளர் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ செல்லலாம். ‘முகவர்களை ஏவினோம், அவர்கள் செய்ததற்கு யாங்கள் பொறுப்பல்லோம்’ என்று கடன் தந்த நிறுவனம் கைகழுவவும் முடியாது.

இவற்றினும் தமிழர் நெஞ்சிற் பதிக்கவேண்டிய ஆணை வேறொன்று. 2024 ஏப்பிரல் 15ஆம் நாள் அவ்வங்கி விடுத்த அது, அவ்வாண்டு அத்தோபர் முதல் நாளுக்குப் பின் வழங்கும் தனியாள் கடன்களுக்கு உரியது. கடனின் முதன்மைக் கூறுகளையெல்லாம் சொல்லும் அறிக்கைத்தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்னரே தரவேண்டும். அது கடன் வாங்குவோர்க்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். எடுத்து விளக்கவும் வேண்டும். வட்டியோடு பிற கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கும். அத்தாளில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான இசைவின்றிப் பின்னர் சேர்க்கவொண்ணாது. தமிழில் தா என்று கேட்பது இங்கு மொழிப்பற்று மட்டுமன்று. பணத்தைக் காக்கும் வழியும் ஆகும். ஆயினும் நிகழ்வதென்ன? பல பக்க ஆங்கிலத் தாளில் பென்சிலால் புள்ளியிட்ட இடங்களிலெல்லாம் நம் பிள்ளைகள் கையெழுத்திடுகின்றனர். ‘தமிழிலும் புரிந்துகொண்டேன்’ என்னும் வரியும் அங்கே ஆங்கிலத்தில்தான் அச்சாகியிருக்கிறது போலும்!

தவணை தவறியமை மட்டுமே சிறைக்குரிய குற்றமன்று. அது உரிமையியல் வழக்கு. ஆனால் ஓர் எச்சரிக்கை. காசோலை பணமின்றித் திரும்பினாலோ, கணக்கிலிருந்து தானே தவணை எடுக்கத் தந்த இசைவு அவ்வாறே திரும்பினாலோ, அதற்குத் தண்டனைச் சட்டம் தனியே உண்டு. எனவே, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டு எவர்க்கும் கொடாதீர்! ஊதியம் குறைந்த திங்களில், தவணை நாளுக்கு முன்னரே நிறுவனத்துக்கு எழுதிக் காலநீட்டிப்பு கேட்பதும் மானக்கேடன்று.

அலைபேசிச் செயலிக் கடன் வேறு வகை. 2021 சனவரியில் சென்னைக் காவல்துறை அத்தகைய கூட்டமொன்றைப் பிடித்தபோது சீனர் இருவரும் அகப்பட்டனர். கடனாளியின் அலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியலைச் செயலி எடுத்தாளக் கூடாதென 2022 செபுதம்பரில் விதி வந்தது. பட்டியலைக் கேட்கும் செயலியை அந்நொடியே நீக்குக.

அழைப்பு வந்தால் நடுங்காமல் பெயர், நிறுவனம், ஏவியவர் யார் என்பனவற்றைக் கேட்டுக் குறிக்க. பேச்சைப் பதிவு செய்க. கடன் தந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர்க்குத் தமிழிலேயே எழுதிப் படியொன்றை வைத்துக்கொள்க. 30 நாளில் மறுமொழி இல்லையேல், அல்லது வந்தது நிறைவளிக்கவில்லையேல், இருப்பு வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்க 14448 என்னும் எண் உள்ளது.

வங்கியும் பதிவுபெற்ற நிறுவனமும் அல்லாத தனியார் கந்துவட்டிக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடைச்சட்டம் இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இருந்தென்ன! 2017 அத்தோபர் 23ஆம் நாள், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலிலேயே கணவனும் மனைவியும் பெண்மகவு இரண்டும் கந்துவட்டிக் கொடுமையால் தீயில் வெந்தனர். ஏழரையாண்டுக்குப் பின், 2025 ஏப்பிரலில், வல்லடியாகக் கடன் தண்டுவதைத் தடுக்கும் சட்டமுன்வரைவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அவ்வாண்டே அது சட்டமுமாயிற்று.

சேவைக் குறைபாட்டால் இழப்புற்றவர்க்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடவேண்டும். தாம் வாழும் ஊருக்கோ வேலைசெய்யும் ஊருக்கோ உரிய ஆணையத்தை நாடலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருப்பினும் அங்குச் செல்லவேண்டுவதில்லை. 5 இலக்கம் உருபா வரைக்கும் கட்டணமில்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வழக்காடலாம். முறையீட்டோடு கடன்முறியின் படி, கட்டிய தவணைகளின் பற்றுச்சீட்டு, அழைப்பு வந்த நாளும் மணியும் குறித்த ஏடு ஆகியவற்றை இணைத்தல் வேண்டும். அவ்வேட்டை முதல் அழைப்பு வந்த அன்றே தொடங்குக.