நாடகத் தலைக்கவசம்



1803 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனின் வரலாறு, வன்னி மேடைகளிற் பலமுறை நாடகமாகியுள்ளது. அதற்கு வேண்டிய போர்வீரரின் தலைக்கவசத்தைப் பழைய பத்திரிகைத் தாளும் கோதுமைமாப் பசையும் கொண்டு வீட்டிலேயே ஆக்கிவிடலாம். ஆக்குவது எளிது; மெருகிடுவதே கடினம்.

கவசங்கள் பெரும்பாலும் கெடுவது அவசரத்தினாலேயாம். புறத்தே உலர்ந்து அகத்தே ஈரமாயுள்ள தாளைத் தேய்த்தால், அது பஞ்சுபோல் எழும்பும். முற்றக் காய்ந்தபின், வெண்கட்டித் தூளைப் பசையிற் குழைத்துப் பள்ளங்களிலே மெல்லப் பூசி, மீண்டும் உலர்த்துதல் வேண்டும். பின்னர் 120 ஆம் இலக்க அரத்தாளால் மேடுகளைத் தேய்த்து, 220 ஆம் இலக்கத்தால் முடித்தல் நன்று. இலக்கம் உயர உயரத் தாள் நுண்மையாகும். அரத்தாளை மரக்கட்டையிற் சுற்றினால் வளைவு தட்டையாகிவிடும். மடித்த துணியிற் சுற்றுவதே தக்கது. நீர் தொட்டுத் தேய்த்தலோ ஆகவே ஆகாது. தூசு மூக்கிற் புகாதபடி ஒரு துணியைக் கட்டிக்கொள்க.

கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால், கண் காணாத மேடும் புலப்படும். வெள்ளி வர்ணம் குறையை மறைக்கும் என்று எண்ணுவோர் உளர். காட்டிக்கொடுப்பதில் அது கதையில் வரும் காக்கைவன்னியனுக்கு இளைத்ததன்று!

உள்விளிம்பைத் தேய்க்கப் பலர் மறந்துவிடுகின்றனர். மேடையில் வியர்த்து நிற்கும் பிள்ளையின் நெற்றியைக் கீறுவது அவ்விளிம்பே. அதனையும் மழுக்கி, மென்துணி ஒட்டிய பின்னரே கவசத்தைப் பிள்ளையின் தலையில் வைத்தல் வேண்டும்.