டவர் நிற்கும் இடம் யாருடையது?

 

நகராட்சிக் கடைகளில் தொழில் செய்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஏலம் எடுத்தீர்கள். முன்பணம் கட்டினீர்கள். அவ்வப்போது வாடகை ஏறுகிறது. பாக்கி விழுந்தால் பூட்டுப் போட வருகிறார்கள். உள்வாடகைக்கு விட்டால் கடையே கையை விட்டுப் போய்விடும்!

அதே நகராட்சியின் தண்ணீர்த் தொட்டி வளாகத்திலோ, பஞ்சாயத்து நிலத்திலோ ஒரு செல்போன் டவர் நின்றால், அதற்கு என்ன வாடகை? எத்தனை ஆண்டுக் குத்தகை? என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

டவர் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. டீக்கடை முதல் ஜவுளிக்கடை வரை இன்று செல்போன் வழியாகத்தான் பணம் வருகிறது. சிக்னல் இல்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும். நமக்கு டவரும் வேண்டும். ஊருக்குச் சேர வேண்டிய வாடகையும் வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது? செல்போன் டவர்களுக்குச் சொத்து வரி விதிப்பது செல்லும் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒரு சொத்தின் மீது நிறுவப்படும் தொலைத்தொடர்புக் கட்டமைப்பை, சொத்து வரிக்காகக்கூட அந்தச் சொத்தின் பகுதியாகக் கருதக்கூடாது என்கிறது அதன் 14ஆவது பிரிவு. 2024 ஜூன் 26 முதல் அது அமலில் இருக்கிறது. பொது இடத்துக்கு அனுமதி கேட்டால் விரைவாகக் கொடுக்க வேண்டும் என்றும், அதற்கு வாங்கும் தொகைக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதிக்கலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது.

ஆக, வரியின் வாசல் குறுகிவிட்டது. நிலத்துக்கு உரிய தொகையும் ஒப்பந்தமும்தான் மிச்சம். அதையும் கோட்டை விடலாமா?

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, குத்தகை எப்போது முடிகிறது, தொகை எப்போது ஏறுகிறது? காலம் முடிந்தும் பழைய தொகையிலேயே ஓடினால் நஷ்டம் ஊருக்குத்தான். இரண்டு, ஒரே டவரில் பல கம்பெனிகளின் ஆண்டெனாக்களை ஏற்றிக் கட்டணம் வாங்குவதுதான் டவர் கம்பெனிகளின் தொழில். உள்வாடகைக்கு விடாதே என்று உங்களைத் தடுக்கும் நகராட்சி, அங்கே இரண்டாவது, மூன்றாவது கம்பெனி வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று எழுதி வாங்கியிருக்கிறதா? மூன்று, கம்பெனி போய்விட்டால் இரும்பை அகற்றுவது யார் செலவு? 2018இல் ஏர்செல் திவால் மனு கொடுத்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய கம்பெனியும் விழும். அகற்றும் செலவுக்கு முன்பே டெபாசிட் வாங்கி வைக்க வேண்டாமா?

இளைஞர்களே! இது உங்கள் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். டவர் ஒப்பந்தத்தின் நகல், மன்றத் தீர்மானம், இதுவரை வசூலான தொகை, பாக்கி — இந்த நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிலைக் கிராம சபையில் வாசியுங்கள். நகராட்சியானால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொடுத்து மன்றத்தில் பேசச் சொல்லுங்கள்.

பொது நிலம் ஓர் அமானிதம். அதன் கணக்கைக் கேட்பது சண்டையல்ல, நம் கடமை. உங்கள் கடை வாடகைக்கு ரசீது கேட்கிறீர்கள் அல்லவா? ஊர் நிலத்தின் வாடகைக்கும் கேளுங்கள்!