கேட்கும் ஏற்பாட்டை உண்டாக்குங்கள்



தாராபுரத்தில் பட்டம் வாங்கும் உங்களில் பலர் இன்னும் சில வாரங்களில் வேலையில் சேர்ந்துவிடுவீர்கள். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக, காங்கயம் அரிசி ஆலைகளில் கணக்கராக, கோவை மென்பொருள் நிறுவனங்களில், அரசு அலுவலகங்களில், பள்ளிகளில். நம் வட்டாரத்தில் பெண்கள் வேலைக்குப் போவது புதிதல்ல. மூலனூரிலும் குண்டடத்திலும் பொழுது விடியும் முன்பே பனியன் கம்பெனி பஸ்ஸுக்குச் சோற்றுப் போசியோடு காத்து நிற்கும் பெண்களை நீங்கள் தினமும் பார்த்திருக்கிறீர்கள். உங்களில் சிலருடைய தாய்மார்களே அப்படி நின்றவர்கள்தாம்.

உழைக்கிற இடத்தில் எல்லாம் பெண்கள் இருக்கிறார்கள். முடிவெடுக்கிற மேசையில் அவர்களைக் காணோம். ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். கைமடிப்பவர், பிசிறு வெட்டுபவர், செக்கிங் மேசையில் நிற்பவர் பெரும்பாலும் பெண்கள். எந்த லைனில் தையல் தவறுகிறது, எந்த அளவில் கழுத்துப் பட்டி இழுக்கிறது என்பது செக்கிங் பார்க்கும் அம்மாவின் விரலுக்குத் தெரியும். ஆனால் சரக்கு திரும்பி வந்த பிறகு ஏன் வந்தது என்று நடக்கும் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த விடையைத் தெரியாதவர்கள் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். அவருக்குக் கிடைக்காமல் போவது மரியாதை. நிறுவனத்துக்கு அதனால் வருவது நஷ்டம்.

தைரியமாகப் பேசுங்கள் என்று பெண்களுக்கு அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் பழமொழி. அது பாதி உண்மைதான். சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும் என்ற ஏற்பாடு இல்லாத இடத்தில் வாய் திறந்தவளுக்குத்தான் தண்டனை கிடைக்கிறது. அந்த ஏற்பாட்டை உண்டாக்குவது படித்தவர்களின் கடமை என்று சொல்லத்தான் நான் இன்று வந்திருக்கிறேன்.

அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. இங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் போனால் திண்டுக்கல். அந்த மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். பல மாதங்களாகவே அந்தப் பெண் தொந்தரவுக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவருடைய பயத்தைக் கேட்டு உடனே நடவடிக்கை எடுக்க அந்த ஆலைக்குள் யாரும் இருக்கவில்லை.

அந்தச் சாவு ஒரு செய்தியாக முடிந்துபோகாமல் பார்த்துக்கொண்டது, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எச் அண்ட் எம், கேப், பிவிஎச் என்ற பெரிய வணிக நிறுவனங்களும் சட்டப்படி அதில் கட்டுப்பட்டன. அதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம்.

அதன் செயல்முறையை நீங்கள் பாடமாகவே படிக்க வேண்டும். ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. பக்கத்து மிஷினில் இருப்பவரிடமே புகார் சொல்ல முடிந்தது. சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது அதன் விதி. ஆலை தவறினால் அதன் வணிகத்திலேயே கைவைக்க வேண்டிய பொறுப்பு சரக்கு வாங்குபவர்களுக்கு இருந்தது. ஒரு பெண்ணின் சொல்லுக்குப் பின்னால் இத்தனை கைகள் இருந்தால் அந்தச் சொல்லை யாராலும் ஒதுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஜவுளிக்கடையில் நமக்குச் சேலை எடுத்துப் போடும் பெண்கள் நாள் முழுக்க உட்காரக்கூட முடியாமல் நின்றார்கள். கேரளத்தில் கடைப் பெண்கள் கோழிக்கோட்டில் தொடங்கிய போராட்டத்தால் 2018-இல் அங்கே சட்டம் வந்தது. 2021-இல் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று விதித்தது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள்.

அலுவலகத்தில் உட்காரப் போகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கூட்டத்தில் ஒரு பெண் சொன்ன யோசனை காற்றோடு போகும். சற்று நேரம் கழித்து அதையே ஓர் ஆண் சொன்னால் “நல்ல யோசனை” என்பார்கள். ஒபாமா ஆட்சியில் வெள்ளை மாளிகையில் இருந்த பெண் அலுவலர்களுக்கும் இதே கதிதான். அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்: ஒருத்தி நல்ல கருத்தைச் சொன்னால் இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்வாள். சொன்னது யார் என்பது சபைக்கு மறக்காது. இதற்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். “இதை முதலில் சொன்னது செல்விங்க, அவங்களே முழுசாச் சொல்லட்டும்” என்று ஒரு வாக்கியம் போதும்.

பட்டம் வாங்கும் தம்பிகளே, அந்த வாக்கியத்தைச் சொல்லும் பொறுப்பு முதலில் உங்களுடையது. கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் டீ சொல்லும் வேலையும் எப்போதும் பெண்ணின் தலையிலேயே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் குறிப்பில் பேசியவரின் பெயரைப் போடுங்கள்.

தங்கைகளே, செய்த வேலைக்குக் கீழே உங்கள் பெயர் இருக்கட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சேர்ந்த முதல் வாரமே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோர்களே, வீட்டில் நிலம் விற்பதானாலும் வாங்குவதானாலும், கல்யாணம் பேசுவதானாலும், மகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். வீட்டில் கேட்கப்பட்டு வளர்ந்த பெண் வெளியில் தயங்க மாட்டாள்.

இன்று உங்கள் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள், ஊரே கைதட்டியது. நாளை நீங்கள் அதிகாரியாகும்போது, பெயர் தெரியாமலே உழைத்துக்கொண்டிருக்கும் பெண்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களை மேசைக்கு அழையுங்கள், அவர்கள் சொல்வதை முடிவில் சேருங்கள். பட்டம் பெற்ற அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.