எதிரித் தரப்பு விசாரணையாளரின் அல்லல்களும் துணைகளும்

 

குற்ற வழக்கு ஒன்று பதிவானவுடன் அரசு தரப்பிற்குக் காவல் நிலையம் உண்டு; தடய அறிவியல் ஆய்வகம் உண்டு; ஊர்தியும் உண்டு. நீதிமன்றத் தமிழில் 'எதிரி' எனப்படும் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஏழையாயின், அவருக்காக நிகழ்விடம் சென்று பார்ப்பவர் யார்? அமெரிக்க நாட்டில் ஏழைகளுக்காக வழக்காடும் அரசு அலுவலகங்கள் பலவற்றில் இதற்கெனவே விசாரணையாளர்கள் பணிபுரிகின்றனர். நம் நாட்டில் அப்பதவி வேரூன்றவில்லை. இளம் வழக்குரைஞரோ வக்கீல் குமாஸ்தாவோதான் அப்பணியை ஆற்றி வருகின்றனர். நம் இளைஞர்கள் அதனை முறையாகக் கற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்பணியின் அல்லல்கள் சிறியவை. ஆயினும் நாள்தோறும் வருபவை. தாளில் பழைய கதவு எண் இருக்கும். சுவரில் புதிய எண் இருக்கும். கூலி வேலைக்குச் சென்ற சாட்சி இருட்டிய பின்னரே வீடு திரும்புவார். பார்வை மகஜரின் நகலில் பாதி எழுத்து மறைந்திருக்கும். மாதிரி வரைபடத்தில் திசைக்குறி தெரியாது. அலுவலகத்தில் "நாளை வாருங்கள்" என்பர்.

இவை எல்லார்க்கும் பொது. நமக்கென்று தனியாகவும் ஒன்று உண்டு. ஊர்த் தெருவில் சாட்சியைக் காணச் சென்றால், நம் கேள்விக்கு விடை வருமுன், "தம்பி எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும். விடை சொன்னதும் கதவு சாத்தப்படும். அங்கே சினங்கொள்வதால் எதிரிக்குப் பயனில்லை. மனிதர் வாய் திறவாத இடத்தில் ஏடுகளைத் தேடுங்கள். அவற்றைக் கேட்டுப் பெறச் சட்டம் நமக்கு வழிவகுத்துள்ளது.

முதலாவது, முதல் தகவல் அறிக்கை. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவை நீங்கலாக, அதனை 24 மணி நேரத்திற்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டுமென 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இரண்டாவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆம் பிரிவு. காவல்துறை அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் முதலியவற்றின் நகல்களை, எதிரி முன்னிலையான 14 நாட்களுக்குள் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்பது அதன் விதி. எழுத்து மறைந்த நகலாயின், தெளிவான நகல் கோரி மனுச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இரவு 9 மணிக்குத் தெருவிளக்கின் ஒளியில் எதிரியைக் கண்டதாகச் சாட்சி கூறினால், அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று பாருங்கள். விளக்குக் கம்பம் எத்தனை அடி தொலைவு என்று அளந்து குறியுங்கள். அன்றிரவு மின்தடை இருந்ததா என மின் அலுவலகத்தை எழுத்து மூலம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடையளிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

நான்காவது, கண்காணிப்புக் கேமரா. கடைகளின் பழைய பதிவின்மேல் புதிய பதிவு விரைவில் ஏறிவிடும். ஆகவே முதல் நாளே உரிமையாளருக்கு எழுதுங்கள். அதனை நீதிமன்றத்திற்கு வரவழைக்க 94-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யுமாறு வழக்குரைஞரிடம் கூறுங்கள். காவல் நிலையப் பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிடில் ஓராண்டேனும் காக்க வேண்டும் என்பது 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி.

இவற்றோடு ஒழுக்கமும் வேண்டும். சாட்சிக்குச் சொல் கற்பிக்கலாகாது; பணம் தரலாகாது; தனியே செல்லலாகாது. கண்டதையும் கேட்டதையும் அன்றைக்கே நாள், நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதுங்கள். நமக்குப் பாதகமான செய்தியையும் வழக்குரைஞரிடம் மறைக்காதீர். அது குறுக்கு விசாரணையின்போது அவருக்கு முதன்முதலாகத் தெரியவந்தால் வழக்கே சாயும்.

இறுதியாக ஒன்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இதனை அறியாமலே சிறையில் நாள் கழிப்போர் நம் தெருக்களிலும் உண்டு. இக்கழகத்தில் எழுத்தறிவு பெற்ற ஒவ்வொருவரும் இச்செய்தியை ஒரு குடும்பத்திற்கேனும் கொண்டுசெல்ல வேண்டுமெனக் கேட்டு அமைகிறேன்.