டெல்லியில் ஒரு பேராசிரியர் பேசியது



இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, ஒரேயொரு இறையியல் பேராசிரியரைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பெயர் ஜோசப் சிட்லர், அமெரிக்க லூத்தரன். ஒஹையோ மாநிலத்தில் சபை ஆயராக இருந்துவிட்டு 1943இல் கற்பிக்க வந்தவர்; 1957 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். தடித்தடியாகப் புத்தகம் போட்டவர் அல்லர். அவர் விட்டுப்போனவை பெரும்பாலும் சொற்பொழிவுகளும் பிரசங்கங்களும்தான். முதுமையில் பார்வை போனது. அப்போதும் பேச்சை நிறுத்தவில்லை.

1961 நவம்பரில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் மூன்றாம் பேரவை புதுடெல்லியில் கூடியது. சென்னையில் பிறந்த பால் தேவானந்தன் அங்கே சாட்சி பகர்வதைப் பற்றிப் பேசினார். சிட்லருக்குக் கொடுத்த தலைப்பு ஒற்றுமை. பிரிந்து கிடக்கும் சபைகளை எப்படிச் சேர்ப்பது என்று சொல்வார் என எதிர்பார்த்தால், மனிதர் கொலோசெயர் முதல் அதிகாரத்தை விரித்துவிட்டார். கிறிஸ்து ஒப்புரவாக்குவது மனித ஆத்துமாக்களை மட்டும்தானா? நிருபம் அப்படிச் சொல்லவில்லையே, படைப்பு முழுவதையும் அல்லவா சொல்கிறது என்று கேட்டார். மேற்கத்தியச் சபை கிருபையை மனித உள்ளத்துக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது; இயற்கையை ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் விட்டுக்கொடுத்தது; அணுகுண்டு வந்துவிட்ட காலத்தில் இந்தப் பாகப்பிரிவினை ஆபத்தானது என்பது அவர் வாதம். துணைக்கு இரண்டாம் நூற்றாண்டு ஐரேனியஸை அழைத்தார். ஏற்காதவர்களும் இருந்தார்கள்.

காலத்தைக் கவனியுங்கள். பூச்சிமருந்துகளின் கேட்டை எச்சரித்த ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூல் வெளிவந்தது அடுத்த ஆண்டுதான். சூழல் சீரழிவுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தைப் பொறுப்பாக்கி வரலாற்றாசிரியர் லின் வைட் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது 1967இல். அதற்குப் பிறகு பலர் வேதத்தைப் புரட்டிப் பதில் தேடினார்கள். குற்றச்சாட்டுக்குப் பதிலாகப் பிறக்கும் இறையியலில் கொஞ்சம் வக்கீல் வாடை அடிக்கும் என்பது என் அபிப்பிராயம். சிட்லரிடம் அது இல்லை. 1954லேயே பூமிக்கான இறையியல் வேண்டும் என்று கட்டுரை எழுதியவர் அவர். யாரும் கூண்டில் ஏற்றுவதற்கு முன்பே, கிறிஸ்துவை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே மண்ணைப் பற்றிப் பேசினார்.

நம் சபைகளில் இந்த விஷயம் எங்கே இருக்கிறது? சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5ஐ ஒட்டிய ஞாயிறன்று ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ. பிறகு வளாகத்தில் பேவர் பிளாக் பதிக்க வேப்பமரத்தை வெட்டத் தீர்மானம். அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டருக்கு முன்னால் வாழைத்தார், பூசணி, நெல் மூட்டை, கால் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் ஏலம். தார் எவ்வளவுக்குப் போனது என்று சாயங்காலம் வரை பேசுகிறோம். அந்த வாழைக்கு என்ன மருந்து அடித்தார்கள், அந்த நெல்லுக்கு எத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீர் வந்தது, களை எடுத்த அம்மாவுக்கு என்ன கூலி என்பதெல்லாம் பிரசங்கத்தில் வருவதே இல்லை. காணிக்கையாக வந்த பொருள் என்று ஜெபித்து ஏற்றுக்கொண்ட பிறகு, அது விளைந்த நிலத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பது எப்படி நியாயம்?

இதற்கென்று தனி ஞாயிறு தேவையில்லை. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் எடுக்கிறீர்கள், திருவிருந்தில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் கையில் ஏந்துகிறீர்கள். சிட்லர் சொல்லவந்ததைப் பேச அங்கேயே இடம் இருக்கிறது.

இன்னும் சில வாரத்தில் நீங்கள் ஆயராகச் சபைக்குப் போவீர்கள். முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே அந்த பேவர் பிளாக் கொட்டேஷன் மேசைக்கு வரலாம். ஆரம்ப ஜெபத்துக்கு வேதபாகம் வாசிப்பது உங்கள் பொறுப்பு. கொலோசெயர் ஒன்று, பதினைந்து முதல் இருபது வரை வாசியுங்கள், ஆறே வசனம். பிறகு கொட்டேஷனை எடுத்துப் பேசுங்கள். பொருளாளருக்குக் கோபம் வரும், சமாளித்துக்கொள்ளலாம்.