இதயத்தில் கட்டி என்றாலே புற்றுநோய் அல்ல



கட்டி என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது புற்றுநோய்தான். அதுவும் இதயத்தில் கட்டி என்று கேட்டுவிட்டால் குடும்பமே இடிந்து போய்விடுகிறது. ஆனால் இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிதானவை. அவற்றிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சில, வெறும் கொழுப்பு.

இந்தக் கொழுப்பு இரு வகையாகச் சேரும். ஒன்று, கொழுப்புக் கட்டி. சிலருக்குக் கையிலோ முதுகிலோ தோலுக்கடியில் மெத்தென்று இருக்குமே, அதே வகைதான். இதைச் சுற்றி மெல்லிய உறை உண்டு. மற்றொன்று, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் கொழுப்பு படிந்து தடித்துப் போவது. இதற்கு உறை கிடையாது. 1964-இல் மருத்துவ ஏட்டில் விவரிக்கப்பட்ட இந்த நிலை, முதியவர்களிடமும் உடல் பருத்தவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. சுவர் 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் இதுவாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுவார்கள்.

இரத்தக் குழாயை அடைத்து மாரடைப்பை உண்டாக்கும் கொழுப்பு வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெரும்பாலும் வேறு எதற்கோ செய்யும் எக்கோ பரிசோதனையில்தான் இது தெரியவருகிறது. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதை எக்கோ காட்டும். அது எதனால் ஆனது என்பதை எப்போதும் உறுதியாகச் சொல்லாது. சிக்கல் இங்கேதான். அதே சுவரில் ஒட்டி வளரும் 'மிக்சோமா' என்ற கட்டியும் உண்டு. அதுவும் புற்றுநோய் அல்ல. ஆனால் அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதனால் அதைப் பொதுவாக அறுவை செய்து எடுத்துவிடுவார்கள். கொழுப்பை மிக்சோமா என்று நினைத்தால் தேவையில்லாமல் நெஞ்சைத் திறக்க நேரும். மிக்சோமாவைக் கொழுப்பு என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதைத் தீர்த்துவைப்பவை சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும். சி.டி. படத்தில் ஒவ்வொரு பொருளின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0. குழம்பில் எண்ணெய் மேலே மிதப்பது அது தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால்தான். அதுபோலக் கொழுப்பின் எண்ணும் பூஜ்யத்துக்குக் கீழே, ஏறக்குறைய -50 முதல் -150 வரை இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு வெண்மையாகப் பளிச்சிடும். கொழுப்பின் ஒளியை மட்டும் அடக்கி மறுபடி படம் எடுத்தால் அதே இடம் கறுத்துவிடும்.

உருவமும் துப்புக் கொடுக்கும். சுவரின் நடுவே, கருவில் திறந்திருந்து பிறந்தபின் மூடிக்கொள்ளும் மெல்லிய பகுதி ஒன்று உண்டு. கொழுப்பு அந்த இடத்தை விட்டுவிட்டு இருபுறமும் சேர்வதால், படத்தில் உடற்பயிற்சிக்குத் தூக்கும் 'டம்பெல்' போலத் தெரியும். ஆனால் பெட் ஸ்கேனில் இந்தக் கொழுப்பும் சில வேளைகளில் புற்றுநோயைப் போலவே ஒளிரும். அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

தொல்லை தராத கொழுப்பை வழக்கமாக அப்படியே விட்டுவிட்டு, தேவைக்கேற்பக் கண்காணிப்பார்கள். இரத்த ஓட்டத்தைத் தடுத்தாலோ, இதயத் துடிப்பைக் கெடுத்தாலோதான் அறுவை பற்றிய பேச்சு எழும். ஓரம் ஒழுங்கற்று, வேகமாக வளர்ந்து வந்தால் மேலும் ஆராய வேண்டும்.

ஆகவே, இதயத்தில் கட்டி என்று சொன்னால் பதற வேண்டாம். "அது எதனால் ஆனது, டாக்டர்?" என்று முதலில் கேளுங்கள். இன்னொரு படம் எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். பழைய படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.