வண்டியைக் காப்பது எலுமிச்சம்பழமா, ஒளியா?



ஆயுத பூசையன்று நம் லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறார்கள். பூசணிக்காயை நடுத்தெருவில் உடைக்கிறார்கள். வண்டிக்கு விபத்து வராதாம்! அந்தப் பூசணிக்காயில் வழுக்கி விழும் சைக்கிள்காரனுக்கு வருவது மாத்திரம் விபத்தல்ல போலும். (சிரிப்பு)

நிற்க, இன்று சில புது மோட்டார்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டு விட்டு வீசும் கருவி ஒன்றை வைக்கிறார்கள். அதற்கு லைடார் என்று பெயர். வீசிய ஒளி எதிரிலுள்ள பொருளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கொண்டு தூரத்தை அது கணக்கிடுகிறது. ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவது. 15 மீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், ஒளி போய்த் திரும்ப ஆகும் நேரம் ஒரு விநாடியை ஒரு கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! அதையும் அளந்து, ஆபத்தென்று கண்டால் மணியடித்து எச்சரிக்க வகை செய்திருக்கிறார்கள். குழந்தை எந்த ஜாதி என்று அது கேட்பதில்லை.

இக்கருவியும் மூடுபனியிலும் கடும் மழையிலும் தடுமாறத்தான் செய்யும். அதைச் செய்தவர்களே அக்குறையை எழுதி வைத்துத் திருத்தப் பாடுபடுகிறார்கள். செப்புத் தகட்டில் கட்டம் கீறி "யந்திரம்" என்று விற்கும் நம் ஆசாமி எவராவது, இது இன்ன இடத்தில் பலிக்காது என்று சொன்னதுண்டா? பலிக்காவிட்டால் உன் கர்மம் என்பார். பணத்தை மட்டும் திருப்பித் தரமாட்டார்.

இந்த லேசர் ஒளி எந்த ரிஷிக்கும் ஞானதிருஷ்டியில் தோன்றியதல்ல. 1917-இல் ஐன்ஸ்டீன் அதற்கான தத்துவத்தைக் கணக்கில் காட்டினார். 1960-இல் அமெரிக்காவில் மைமன் ஒரு செயற்கைக் கெம்புக் கல்லைக் கொண்டு அதை எரியவிட்டுக் காட்டினார். நம்மவர்கள் கெம்பை மோதிரத்தில் வைத்துச் சூரிய தசைக்குப் பரிகாரம் தேடுகிறார்கள்!

பிறகு, மிகமிகக் குறுகிய நேரமே நிற்கும் லேசர் துடிப்புகளை உண்டாக்கினார்கள். ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒன்றை மறுபடி பத்தாக்கினால் வருவது ஒரு ஃபெம்டோ விநாடி. அதற்குள் ஒளிகூட மயிரிழையின் கனத்தில் நூறில் ஒரு பங்கு தூரம் ஓடாது. இத்தகைய துடிப்புக்கு வலுவேற்றப் போனால், வலுவேற்றும் கண்ணாடியே சேதமாகிவிடும். குறுகிய வாசலில் ஆயிரம் பேர் ஒரேயடியாய்ப் பாய்ந்தால் நிலை முறியாதா? வரிசையாக விட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பந்தத்தைக் கொடுத்து, அப்பால் மறுபடி ஒன்றாய்க் கூட்டினால்? 1985-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் செய்தது இதுதான். 1.4 கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழையில் துடிப்பை நீட்டி, வலுவேற்றி, பிறகு சுருக்கினார்கள். இத்தகைய ஒளியைக் கொண்டு இன்று கண்ணில் சிகிச்சை செய்கிறார்கள்.

செய்தவர் யார்? ஆசிரியர் ஜெரார் மூரூ. அவரிடம் படித்த மாணவி டோனா ஸ்டிரிக்லண்ட். அந்த அம்மையாரின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையே அதுதான். 2018-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். பௌதிகத்தில் அப்பரிசு பெற்ற பெண்களில் அவர் மூன்றாமவர். 1903-இல் மேரி கியூரி, 1963-இல் மரியா கெப்பர்ட் மேயர், அப்புறம் 55 வருஷம் ஒருவருமில்லை! பெண்ணுக்கு மூளை இல்லாமலா? ஆராய்ச்சிச் சாலைக்குள் விடாமலா? தாய்மார்களே, உங்கள் பெண்ணை எந்த வகுப்போடு நிறுத்தலாம் என்று வீட்டில் பேச்சு எழும்போது இக்கேள்வியைக் கேளுங்கள்.

அடுத்த தோழர் பேசக் காத்திருப்பதால் இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.